பத்தாவது ஆளின் பெயர்

"ஈ.எஸ்.ஐ.யா? அது தண்டச் செலவு சார்." தஞ்சாவூரில் ஆலையோ கடையோ ஓட்டலோ நடத்துகிறவரிடம் தொழிலாளர் அரசுக் காப்பீடு பற்றிப் பேச்சை எடுத்தால் இதைத்தான் கேட்கலாம். வணிகர் சங்கக் கூட்டத்திலும் இதே பேச்சு, கணக்கு எழுதும் ஆடிட்டர் அலுவலகத்திலும் இதே பேச்சு. பல நேரம் வேலை பார்க்கிறவர் வாயிலிருந்தே வருகிறது. 2025 நவம்பர் 21 அன்று ஈ.எஸ்.ஐ.யையும் உள்ளடக்கிய சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்த பிறகு குரல் இன்னும் பலத்திருக்கிறது. 2017-லிருந்து 21,000 ரூபாயிலேயே நிற்கும் சம்பள உச்சவரம்பை உயர்த்தக் கூடாது, சிறு தொழிலுக்கு விலக்கு வேண்டும் என்கிறார்கள். இந்தக் கருத்து தவறு. ஒரு முனையில் மட்டுமல்ல, எடுத்துவைக்கும் ஒவ்வொரு முனையிலும் தவறு.

முதலில் அவர்கள் தரப்பைக் குறைக்காமல் சொல்லிவிடுகிறேன். காவிரி டெல்டாவில் எல்லாத் தொழிலும் தண்ணீரை நம்பியது. மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்காத வருஷம் குறுவைச் சாகுபடி சுருங்கும், ஆலைக்கு நெல் வராது, ஜவுளிக்கடையில் தீபாவளி வியாபாரமும் படுத்துவிடும். வரவு இப்படி ஏறி இறங்கும்போது மாதாமாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டிய தொகை கழுத்தை நெரிக்கும். ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது, தஞ்சை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, அப்புறம் எதற்கு இன்னொன்று? ஈ.எஸ்.ஐ. மருத்துவமனைக்குப் போவதென்றால் திருச்சிக்குப் போக வேண்டும். தொழிலாளியே பிடித்தம் வேண்டாம் என்கிறான். பத்துப் பேர் ஆனால் சட்டம் வந்துவிடும் என்பதால் ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள், இதனால் வேலைவாய்ப்பு போகிறது. இதுதான் வாதம். நாணயமான மனிதர்கள் பலரும் இதை நம்புகிறார்கள். அதனால்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

1. கழுத்தை நெரிக்கும் அந்தத் தொகை எவ்வளவு?

மாதம் 15,000 ரூபாய் வாங்கும் ஒருவருக்கு முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், அதாவது 487 ரூபாய் 50 காசு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம், 112 ரூபாய் 50 காசு. இருபது பேர் வேலை பார்க்கும் ஓர் அரிசி ஆலை மாதம் 9,750 ரூபாய் கட்டும், ஆண்டுக்கு 1,17,000. இதே ஆலை 2019 ஜூன் வரை இருந்த 4.75 சதவீத விகிதத்தில் ஆண்டுக்கு 1,71,000 கட்டியிருக்கும். அந்த ஜூலையில் முதலாளிகளின் சுமை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. புலம்பல் மூன்றில் ஒரு பங்காவது குறைந்ததா? 4.75-க்கும் அதே எதிர்ப்பு, 3.25-க்கும் அதே எதிர்ப்பு என்றால் சிக்கல் விகிதத்தில் இல்லை, கட்டுவதிலேயே இருக்கிறது.

பருவத்தைக் காரணம் காட்டுவது இதைவிடப் பலவீனமான வாதம். இந்தப் பங்களிப்பு கொடுத்த சம்பளத்தில் ஒரு குறிப்பிட்ட சதவீதம்தான். ஆலை ஓடவில்லை, ஆளுக்குச் சம்பளம் இல்லை என்றால் கட்ட வேண்டியதும் இல்லை. கட்டட வாடகை தண்ணீர் வராத வருஷம் குறைவதில்லை. வங்கி வட்டி குறைவதில்லை. ஆலையின் செலவுக் கணக்கில் வேலையோடு சேர்ந்து தானாகவே ஏறி இறங்கும் வெகு சில தொகைகளில் இதுவும் ஒன்று. பருவத் தொழிலுக்கு இதைவிடத் தோதான விகிதம் எப்படி அமையும்?

2. கட்டாமல் விட்டால் செலவு மிச்சமா?

இங்கேதான் தண்டச் செலவு வாதம் முற்றாக உடைகிறது. ஆலைக்குள் ஒருமுறை நின்று பார்த்தவருக்கு இது புரியும். ஊறிய நெல் பாய்லரில் அவிந்து வரும் சூடு, தவிட்டுத் தூசி, தலைக்கு மேல் நெல்லை ஏற்றும் எலிவேட்டர் பெல்ட். வேட்டி நுனியோ துண்டோ அதில் சிக்கினால் போதும். நான் போயிருந்த ஓர் ஆலையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஒன்று அட்டை போட்ட வருகைப் பதிவேடு, அதில் ஒன்பது பெயர்கள். மற்றது மேசை இழுப்பறையில் கிடந்த நாற்பது பக்க நோட்டு. அதில் பெயரே இல்லை: 'களத்து ஆள் 6, மூட்டை 4, பாய்லர் 2' என்று தினம் ஒரு வரி, பக்கத்தில் கூலி. பெல்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறவர்கள் எல்லாரும் இரண்டாவது நோட்டில் இருந்தார்கள்.

அந்தப் பெயரில்லாத ஆளுக்கு வேலையின்போது உயிர் போனால், 1923-ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கும் இழப்பீட்டுக் கணக்கு முதலாளி தலையில் விழும். 2020 ஜனவரியில் வந்த அறிவிப்பு இதற்கான மாதச் சம்பள வரம்பை 15,000 ஆக்கியது. இறந்தவருக்கு வயது 30 என்றால் சம்பளத்தில் பாதியை 207.98 என்ற காரணியால் பெருக்க வேண்டும். வருவது 15,59,850 ரூபாய். முன்பு கணக்கிட்ட ஆலை தன் இருபது பேருக்கும் சேர்த்துப் பதின்மூன்று வருஷத்துக்கு மேல் கட்டியிருக்கக்கூடிய ஈ.எஸ்.ஐ. தொகை ஒரே விபத்தில் போகிறது. ஆளை முறையாகப் பதிந்திருந்தால் அந்தப் பொறுப்பு ஈ.எஸ்.ஐ. கழகத்துடையது. பதிந்த தொழிலாளிக்கு முதலாளி தனியாக இழப்பீடு கொடுக்க வேண்டியதில்லை என்று 1948-ஆம் ஆண்டு ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவே சொல்லியது. இறந்தவரின் குடும்பத்துக்கு அவர் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் கழகத்திலிருந்து வரும்.

ஜவுளிக்கடைக் கணக்கையும் பார்த்துவிடலாம். 12,000 சம்பளம் வாங்கும் விற்பனைப் பெண்ணுக்கு முதலாளியின் பங்கு மாதம் 390 ரூபாய். அந்தப் பெண்ணுக்குப் பிரசவம் என்றால் 26 வாரச் சம்பளம், அதாவது சுமார் 72,000 ரூபாய், சட்டப்படி தர வேண்டும். ஈ.எஸ்.ஐ.யில் இருந்தால் கழகம் தரும். இல்லாவிட்டால் கடைக்காரர் தர வேண்டும். 390 ரூபாயை மிச்சம் பிடிக்கிறவர் 72,000 ரூபாய்க்குத் தன்னைப் பொறுப்பாக்கிக்கொள்கிறார்.

நடைமுறையில் யாரும் 72,000 தருவதில்லை, 15 லட்சமும் தருவதில்லை என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். கல்யாணம் ஆனதும் அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்துகிறார்கள். விபத்து நடந்தால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி ஒரு தொகையில் முடிக்கிறார்கள். அப்படியானால் 'கட்ட முடியவில்லை' என்பது வாதமே இல்லை. 'சட்டம் சொல்லும் எதையும் தராமல் தப்பிக்க முடிகிறது' என்பதுதான் வாதம். அதை அப்படியே சொல்லட்டும். சிறு தொழிலின் கஷ்டம் என்ற பெயரில் சொல்ல வேண்டாம்.

3. முதலமைச்சர் காப்பீடு போதும் என்பவர்கள் அதன் விதியைப் படித்ததுண்டா?

2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-ல் பெயரும் வடிவமும் மாறி இன்றுவரை நடக்கும் இத்திட்டம் தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதன் வருமான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். மாதம் 15,000 வாங்கும் ஆலைத் தொழிலாளியின் ஆண்டு வருமானம் 1,80,000. முறையாகச் சம்பளம் தருகிற எந்த முதலாளியும் தன் ஆளை அந்தத் திட்டத்துக்கு அனுப்பி வைக்க முடியாது. அனுப்பி வைக்க முடிகிறது என்றால் ஒன்று சம்பளம் அவ்வளவு குறைவு, இல்லையென்றால் வருமானச் சான்றிதழில் இருக்கும் எண் பொய்.

வரம்பை மறந்துவிடுவோம், எல்லாருக்கும் அட்டை கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அந்த அட்டை பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு மருத்துவமனைக்குப் பணம் கட்டும். வேலைக்குப் போகாத நாள்களுக்கு? சல்லிக்காசு கிடையாது. டெல்டாவில் ஒரு குடும்பத்தைக் கடனில் தள்ளுவது பெரிய அறுவைச் சிகிச்சை மட்டும் இல்லை. மஞ்சள் காமாலையில் ஒன்றரை மாதம் படுத்த கணவன், காசநோய்க்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு மூட்டை தூக்க முடியாமல் உட்கார்ந்திருக்கும் ஆள். மருந்து அரசு மருத்துவமனையில் இலவசமாகவே கிடைக்கும். அரிசி, பால், வாடகை, பிள்ளையின் பஸ் காசு இலவசமாகக் கிடைக்காது. தோடு அடகுக்குப் போகும், அது மூழ்கும், பிறகு மனைவி மகளிர் குழுவில் கடன் எடுப்பாள்.

ஈ.எஸ்.ஐ. இந்த இடத்தில்தான் எந்த மருத்துவ அட்டையும் செய்யாததைச் செய்கிறது. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்குப் பணம் கட்டப்பட்டிருந்தால், நோயில் படுக்கும் நாள்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. 15,000 வாங்குகிறவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 350 ரூபாய். காசநோய், புற்றுநோய் உட்பட 34 நீண்டகால நோய்களுக்கு, இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து காப்பீட்டில் இருந்தவருக்கு 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. வேலையில் அடிபட்டுப் படுத்தால் 90 சதவீதம். மருத்துவச் செலவுக்கோ 5 லட்சம் என்பது போன்ற உச்ச வரம்பே கிடையாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டுவது அரசு, அதாவது நாம் எல்லாரும். தன் ஆலையில் தன் லாபத்துக்காக உழைத்து நோயில் விழுந்தவனின் செலவை ஊர் வரிப்பணம் ஏற்கட்டும், தான் 487 ரூபாய்கூடத் தர மாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அது சிக்கனம் ஆகாது.

4. "திருச்சிக்குப் போகணுமே?" என்பது நியாயமான குறை. அதன் காரணம் யார்?

தஞ்சைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. சேவை கோவைத் தொழிலாளிக்குக் கிடைப்பது போல இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். மருந்தகத்தில் டாக்டர் இல்லாத நாள், மருந்து தீர்ந்த நாள், பரிந்துரைக் கடிதத்துக்கு அலைச்சல், எல்லாம் உண்டு. சிகிச்சைச் செலவில் எட்டில் ஏழு பங்கைக் கழகம் ஏற்க, எட்டில் ஒரு பங்கை மட்டும் மாநில அரசு ஏற்கும் ஏற்பாட்டில் இந்த அளவுக்குச் சுணக்கம் இருப்பதை எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியாது. இதற்காக அரசையும் கழகத்தையும் எவ்வளவு கடுமையாகக் கேட்டாலும் தகும்.

ஆனால் 1952 பிப்ரவரி 24 அன்று கான்பூரிலும் டெல்லியிலும் தொடங்கிய இத்திட்டம் 1955-ல் தமிழ்நாட்டில் முதலில் கால்வைத்தது கோயம்புத்தூரில். ஏன் அங்கே? பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் பதிவேட்டில் இருந்தார்கள், கேட்க வலுவான சங்கங்கள் இருந்தன. இன்று சிங்காநல்லூரில் பெரிய மருத்துவமனையும் அதையொட்டி மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. ஓர் ஊருக்கு மருந்தகமா, எத்தனை படுக்கை மருத்துவமனையா என்பதைக் காப்பீட்டில் எத்தனை பேர் பதிந்திருக்கிறார்கள் என்பதை வைத்தே கழகம் முடிவு செய்கிறது. இருபது பேர் வேலை பார்க்கும் ஆலை ஒன்பது பேரைக் காட்டினால், தஞ்சாவூருக்கு மருத்துவமனை தேவை என்று சொல்லும் கணக்கிலிருந்து இருபது பேரும் காணாமல் போகிறார்கள். ஆளை மறைத்துவிட்டு, ஆஸ்பத்திரி இல்லையே என்று கேட்கும் உரிமை யாருக்கும் இல்லை.

5. தொழிலாளியே வேண்டாம் என்கிறானா?

என்கிறான். "எனக்கு அதெல்லாம் வேணாம் மொதலாளி, கையில குடுக்கறத முழுசா குடுங்க." நானும் கேட்டிருக்கிறேன். எந்தக் கேள்விக்கு அந்தப் பதில் வந்தது என்பதையும் கவனித்திருக்கிறேன். "ஈ.எஸ்.ஐ. போட்டா சம்பளத்துல பிடிப்பாங்க, பரவால்லையா?" என்றுதான் கேட்கிறார்கள். "உன் பங்கு 113 ரூபாய், என் பங்கு 488 ரூபாய், நீ படுத்தால் மூன்று மாதம் வரை சம்பளத்தில் 70 சதவீதம் வீட்டுக்கு வரும், உன் பொண்டாட்டி பிள்ளைக்கும் வைத்தியம் உண்டு, போடட்டுமா?" என்று எந்த முதலாளியாவது கேட்டிருந்தால் பதில் வேறாக இருந்திருக்கும்.

இன்னொரு கேள்வியும் கேட்கப்படுவதில்லை. பிடித்தம் இல்லாததால் தொழிலாளி கையில் 113 ரூபாய் நிற்கிறது, சரி. முதலாளி கட்டாமல் விட்ட 488 ரூபாய் யார் கையில் நிற்கிறது? அதைச் சம்பளத்தோடு சேர்த்துக் கொடுக்கும் ஆலையை நான் இன்னும் பார்க்கவில்லை. தொழிலாளியின் விருப்பம் என்று சொல்லப்படுவதில் அவனுக்குக் கிடைப்பது 113, முதலாளிக்குக் கிடைப்பது 488. எழுதிக் கொடுத்தாலும் இந்த ஏற்பாடு சட்டத்தில் செல்லாது. செல்லாமல் இருப்பதே சரி.

6. பத்துப் பேர் வரம்பு வேலையைக் கொல்லுமா?

இந்த ஊருக்கு இந்தப் பயமுறுத்தல் புதிதில்லை. 1952-ல் ராஜாஜி அரசு தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது மிராசுதார்கள் எதிர்த்து நின்றார்கள். சட்டம் வந்தது. டெல்டாவில் சாகுபடி நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் 2010-ல் ஒபாமா கொண்டுவந்த மருத்துவச் சட்டம், ஐம்பதோ அதற்கு மேலோ முழுநேர ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் காப்பீடு தர வேண்டும், இல்லையேல் அபராதம் என்றது. வேலைகள் அழியும் என்று அங்கேயும் முழக்கம். 2015-ல் அந்த விதி அமலுக்கு வரத் தொடங்கிய பிறகும், கொரோனா வரும்வரை, அங்கே வேலைவாய்ப்பு கூடிக்கொண்டேதான் போனது. சில நிறுவனங்கள் விதியைத் தவிர்க்க ஊழியரின் நேரத்தை வாரம் 30 மணிக்குக் கீழே குறைத்தன என்பதும் உண்மை. அதையும் மறைக்கவில்லை.

அவ்வளவு தூரம் போவானேன்? ஒரத்தநாட்டிலிருந்தும் பட்டுக்கோட்டையிலிருந்தும் மன்னார்குடியிலிருந்தும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர் இல்லாத தெரு உண்டா? அங்கே வேலை அனுமதிச் சீட்டில் போகும் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு முதலாளி மருத்துவக் காப்பீடு எடுத்தாக வேண்டும். 2023 ஜூலைக்கு முன் இது 15,000 வெள்ளி. நான்கு மடங்காக உயர்த்தினார்கள். கட்டுமானத் தொழில் மூடிக்கொண்டு போகவில்லை, ஆள் எடுப்பதும் நிற்கவில்லை. சிங்கப்பூரில் தம்பிக்குக் காப்பீடு உண்டா என்று ஏஜென்டிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குடும்பம், உள்ளூர் ஆலையில் பாய்லர் பக்கம் நிற்கும் அண்ணனுக்கு அதைக் கேட்பதில்லை. அந்த ஆலைக்காரரும் கேட்கவிடுவதில்லை.

ஒன்பதோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதிலும் ஒரு பொய் இருக்கிறது. ஒன்பதோடு நிற்பது பதிவேடு மட்டும். மூட்டை தூக்கவும் களம் கிளறவும் பத்தாவது ஆள், பதினைந்தாவது ஆள் தினமும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் மூலம் வரும் ஆளும் சட்டப்படி அந்த ஆலையின் கணக்கில்தான் வருவார். எனவே இந்த வரம்பால் வேலை போகவில்லை. வேலை செய்கிறவரின் பெயர்தான் போயிருக்கிறது.

7. குழு மெடிக்ளெய்ம் எடுத்துத் தந்தால் போதாதா?

ஓரளவு மனசாட்சியுள்ள முதலாளிகள் சொல்லும் மாற்று இது. சுருக்கமாகச் சொல்கிறேன். 21,000-க்குள் சம்பளம் வாங்குகிறவருக்கு அது மாற்றாகாது, சட்டம் ஏற்காது. அந்தப் பாலிசியை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருஷம் இரண்டு மூன்று பெரிய சிகிச்சைகள் வந்துவிட்டால் மறுவருஷம் பிரீமியம் எகிறும். வயதான ஆள்கள் அதிகம் உள்ள கடைக்கு விலை இன்னும் கூடும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப மருத்துவப் பாலிசிகளுக்கு ஜி.எஸ்.டி. நீங்கிவிட்டது, முதலாளி எடுக்கும் குழுப் பாலிசிக்கு 18 சதவீதம் அப்படியே இருக்கிறது. ஈ.எஸ்.ஐ.யில் 20 வயதுக்காரருக்கும் 55 வயதுக்காரருக்கும் ஒரே சதவீதம்தான். செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் ஒப்பிட வேண்டியது இதைத்தான்.

குழுப் பாலிசிக்கு உண்மையிலேயே தேவை இருப்பது 21,000-ஐச் சற்றே தாண்டியவர்களுக்கு. சம்பளம் 21,500 ஆன கேஷியர் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். முதலமைச்சர் காப்பீட்டிலும் இடமில்லை. சம்பள உயர்வு கிடைத்ததாலேயே அவர் குடும்பம் பாதுகாப்பை இழக்கிறது. ஒன்பது ஆண்டாக அசையாத அந்த வரம்பை உயர்த்தக் கூடாது என்று சங்கங்கள் மனு எழுதுவது இவரைப் போன்றவர்களுக்கு எதிராகத்தான்.

இத்தனையும் சொன்ன பிறகு ஒரு குறையை நானே சொல்ல வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களில் அதிகம் பேர் உழைப்பது வயலில். நடவுப் பெண்களுக்கும் அறுவடைக் கூலிகளுக்கும் ஈ.எஸ்.ஐ. எட்டவே இல்லை. அவர்களுக்கு இதுபோல ஒரு ஏற்பாடு வேண்டும் என்பது தனிப் போராட்டம். அது வென்றெடுக்கப்படும் வரை, சட்டம் ஏற்கெனவே எட்டியிருக்கும் ஆலையையும் கடையையும் ஓட்டலையும் அதிலிருந்து கழற்றிவிடச் சொல்வதற்கு எந்த நியாயமும் கிடையாது.

பதியத் தயங்கியவர்களுக்கு 2025 ஜூலை 1 முதல் சில மாதங்களுக்குக் கழகமே ஒரு வழி திறந்து வைத்திருந்தது: அப்போது தானாக முன்வந்து பதிகிறவரிடம் பழைய பாக்கி கேட்கப்படாது, பழைய கணக்குக்கு ஆய்வும் வராது என்றது. பாக்கி பயம்தான் தடை என்று சொன்னவர்களுக்கு அந்தக் காரணமும் அப்போதே தீர்ந்தது. இனி வணிகர் சங்கங்கள் மனு கொடுப்பதானால், விலக்கு கேட்கும் வரியை அடித்துவிட்டு, தஞ்சாவூரில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை, மருந்தகங்களில் நிரந்தர டாக்டர்கள், 21,000 வரம்பு உயர்வு என்று மூன்றைக் கேட்கட்டும். தங்கள் உறுப்பினர்களின் ஆலைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கும் அத்தனை பேரின் பெயரையும் எழுதிய பட்டியலை அந்த மனுவோடு இணைக்கட்டும்.